முதுகுக்கு எழுதிய வசனம்

படத்தில் ஒரு பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டால் அக்காவுக்கு அந்த நாள் நன்றாகப் போகும். மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டிப் படத்தை நிறுத்துவார்.

"திரும்பிட்டா பாரு. எத்தன செகண்டு?"

திரையின் மேல் ஓரத்தில் ஓடும் எண்களைப் பார்த்து, "ஏழு இருக்கும்க்கா" என்பேன்.

"ஏழு செகண்டா! ஒரு ராஜ்யத்தையே எழுதி வாங்கிரலாமே" என்று நோட்டைப் பிரிப்பார்.

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது அவர் தொழில். கொடைக்கானலில் ஏரிக்குப் பின்புறச் சரிவில், தகரக் கூரை போட்ட இரண்டறை வீட்டில் தனியாக இருந்தார். சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் ஒருவர் படத்தை அனுப்புவார். அக்கா நீள நோட்டில் கையால் எழுதுவார். அதைத் தட்டச்சு செய்து, எந்த வசனம் எந்த நொடியில் வருகிறது என்று குறித்து, சென்னைக்கு அனுப்புவது என் வேலை. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். பள்ளங்கியில் கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவேன், மகள் பிறந்த பிறகு கைக்குழந்தையோடு. அவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

டப்பிங்கில் உதடுதான் முதலாளி. நடிகையின் வாய் மூடுகிற இடத்தில் தமிழிலும் வாய் மூட வேண்டும். அக்கா இரண்டு விரல்களை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு, ஒரே வரியைப் பத்து விதமாக முணுமுணுத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருக்கு ஏதோ மந்திரம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிந்தால் உதட்டின் அதிகாரம் போய்விடும். ஆங்கிலத்தில் பேசாமல் நிற்கிறவளைக்கூடத் தமிழில் பேச வைக்கலாம். வெறும் இசை ஓடுகிற இடத்தில் இரண்டு வார்த்தை விழுந்தால் நம் ஆட்கள் ரசிப்பார்கள் என்று சென்னைக்காரரும் அதை விட்டுவிடுவார்.

எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் மாயாஜாலப் படங்கள். டிராகன், சூனியக்காரி, பனி மூடிய கோட்டை, பேசுகிற மரம். முக்கால்வாசி முதலில் நாவலாக வந்தவை. அக்கா நாவலைப் படிக்காமல் படத்தைத் தொடமாட்டார். பழைய புத்தகக் கடைகளில் சொல்லிவைத்து வாங்குவார். காட்டேஜ்களில் சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போனதையும் கேட்டு வாங்கி வைத்திருப்பார். பிறகு நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'புத்தகம்', வலப்பக்கம் 'படம்' என்று எழுதுவார். கதை எப்படி மாறியிருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. ஒரே கேள்விதான் கேட்பார்: செஞ்சது யாரு?

ஒரு புத்தகத்தில் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறப்பவள் ஒரு மருந்துக்காரப் பெண். மூன்று நாள் காவலாளிகளுக்குக் கஷாயம் கொடுத்துப் பழகி, நான்காவது நாள் திறக்கிறாள். படத்தில் கதாநாயகன் வந்து நின்றதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. "கதவுக்கே இவன் மேல ஆசை போல" என்றார் அக்கா. இன்னொன்றில் படைத்தலைவிக்கு அறுபது வயது, ஒரு கண் கிடையாது. படத்தில் அவளுக்கு இருபத்தைந்து வயது, இரண்டு கண்ணும் இருந்தன, இரண்டிலும் மை. "கண்ணக் குடுத்துட்டு வாளப் புடுங்கிட்டான் பாரு" என்றார். டிராகனில் பறக்கிற தங்கை ஒருத்தி புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை உயிரோடு இருப்பாள். படத்தில் இடைவேளைக்கு முன்பே செத்தாள். "அவ செத்தாத்தான் அண்ணனுக்கு வீரம் பொத்துக்கிட்டு வரும். அதுக்குத்தான் அவள வளத்தது, கோழிய வளக்குற மாதிரி" என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இப்படிப் பறிகொடுத்தவர்களுக்கெல்லாம் முதுகு தெரிகிற நொடிகளில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுப்பதுதான் அவர் செய்த வேலை. அந்த மருந்துக்காரப் பெண் கூட்டத்தோடு கூட்டமாகக் கதவைத் தாண்டி உள்ளே போகிறாள், ஐந்து நொடி, முதுகு மட்டும். அந்த ஐந்து நொடியில் அக்கா எழுதினார்: "பூட்டில் நேற்றே எண்ணெய் விட்டுவைத்தேன். சத்தம் வராமல் வாருங்கள்."

அந்தப் படத்தை வத்தலக்குண்டு தியேட்டரில் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலைப்பாதையில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. பால் வாடையோடும் ஈரப் புடவையோடும் போய் உட்கார்ந்தேன். அந்த வரி வந்ததும் முன்வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி தோழியைத் தட்டி, "ஏ, அப்ப இவதாம்ல தொறந்து விட்டிருக்கா!" என்றாள். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தார். வளையல் வளைந்துபோயிற்று. படம் முடிகிறவரை கையை விடவில்லை.

சினிமாவோடு இந்தக் குணம் நின்றிருந்தால் என் வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். ஒருமுறை அக்கா எங்கள் பள்ளங்கி வீட்டுக்கு வந்திருந்தபோது என் மாமனார் வியாபாரியிடம், "இந்தத் தடவ ஒரு ஏக்கரு பூண்டு போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "போட்டது யாருங்க?" என்றார் அக்கா. மாமனார் புரியாமல் பார்த்தார். உள்ளே என் மாமியார் வரப்பில் குனிந்து குனிந்து பிடித்துப்போன இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையைக் கொடுத்தபோது இன்னும் மோசம். மாமியாரும் நானும் சேர்ந்துதான் கொடுக்கப் போனோம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இதுல பிள்ளையப் பெத்தவ பேரக் காணமே?"

"காதுகுத்துக்குப் பெத்தவ பேரு எதுக்குங்க?" என்றார் மாமியார். "அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சதத்தான் எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்க. மாமன் பேரு, பெரியப்பன் பேரு, பெரியப்பன் வாங்குன டிகிரி. அதெல்லாம் ஊருக்குத் தெரியாதாக்கும்?"

பேனாவை எடுத்து, தன் பத்திரிகையில் குழந்தையின் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினார். வீட்டு வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமியார், "ஒனக்கு வேற சோலி கெடைக்கலியா? இதுக்குத்தான் வெள்ளனே எந்திரிச்சு ஓடுறியாக்கும்" என்றார். எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. அவருக்கென்ன, எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இந்த வீட்டில் சாப்பிட்டுப் படுக்க வேண்டியவள் நான். அப்படி நினைத்தது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு அழுகை பிடிக்காது. பால் சரியாகச் சுரக்காமல், எடை பார்க்கிற நர்ஸ் ஏதோ சொல்லிவிட்டாள் என்று ஒருநாள் நான் தேம்பிக்கொண்டிருந்தேன். "அழுது முடிச்சுட்டு டைப் பண்ணு. அவசரமில்ல" என்றார். அவ்வளவுதான். ஆறுதல் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் உத்தரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, எழுதிக்கொண்டே நாள் முழுக்க ஆட்டினார். குழந்தையை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. கயிறு பதிந்து விரல் சிவந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அழுகை மேல் அந்த வெறுப்பு ஏன் என்பது பின்னால்தான் தெரிந்தது. சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் அவர் கூட்டத்துக்குக் குரல் கொடுத்தவர். படங்களில் வெள்ளம் வரும்போதும், ஊர் எரியும்போதும், பிணம் வரும்போதும் பின்னால் அலறுகிற பெண்களின் குரல்.

"அழுகைக்குன்னே என்னைய கூப்புடுவாங்க. நாப்பது பொம்பளைங்க அழுறாங்கன்னா அதுல பத்து நானு. ஒருத்திக்காச்சும் என்ன பேச்சுன்னு வசனப் பேப்பர்ல இருக்கும்னு பாப்பேன். இருக்காது. 'பெண்கள் அழுகிறார்கள்'னு மட்டும் போட்ருப்பான்." தொண்டை கெட்டு, டாக்டர் கத்தக் கூடாது என்று சொன்ன பிறகுதான் மலைக்குத் திரும்பி வசனம் எழுத ஆரம்பித்திருக்கிறார். சொந்த ஊர் கூக்கால்.

இனிமேல் நான் எழுதப்போவதை என் கணவர்கூட அறிய மாட்டார்.

ராணிப் படம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது கடைசியாக வந்தது. நாவலில் அவள் எல்லைநாட்டு அரசி. கணவன் செத்த பிறகு எட்டு மாதக் குழந்தையை ஒரு நெசவுக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தானே போருக்குப் போகிறாள். போரை வெல்வதும் அவள்தான். படத்தில் கணவனின் தம்பி என்று ஒருவனைக் கொண்டுவந்து வெற்றியை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். ராணி போருக்குப் போவாள், காயம்படுவாள், காப்பாற்றப்படுவாள். அக்காவின் நோட்டில் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் நான்கு வரி.

ஆனால் ஒரு முதுகு இருந்தது. புறப்படுவதற்கு முன் ராணி தொட்டிலைத் தாண்டி வாசலில் போய் நிற்கிறாள். பன்னிரண்டு நொடி. ஆங்கிலத்தில் வெறும் காற்றுச் சத்தம். இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த மிக நீளமான முதுகு அதுதான். அக்கா மூன்று நாள் அந்தப் பன்னிரண்டு நொடியோடு இருந்தார். புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "அந்த அத்தியாயத்தப் படிச்சுட்டு வா, அப்பத்தான் ஒனக்குக் கேக்கும்" என்றார். சரிக்கா என்றேன். கடைசியில் எழுதினார்:

"என்னை யாரும் அனுப்பவில்லை, நானே போகிறேன். திரும்பி வருவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இவள் வளர்ந்து கேட்டால், எங்கே போனேன் என்று சொல்லுங்கள்."

படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். எந்தத் தாய் இப்படிப் பேசுவாள் என்று தோன்றியது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் இப்படி எழுதுகிறார் என்றும் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. வெளியே சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

கோப்பு போக வேண்டிய அன்று அக்கா கண் காட்ட மதுரைக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். கடைசி இரண்டு பக்கம்தான் பாக்கி. காலையிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல். கணவர் கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். போனில் மாமியார், "பச்சப் புள்ளயத் தூக்கிட்டு நெதமும் பனியில அலைஞ்சா காய்ச்ச வராம என்ன வரும்? யாரு ஒன்னய வேலைக்குப் போகச் சொன்னா?" என்றார். டாக்டர் வீட்டு வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் குழந்தை கொதித்தது. மடியில் கணினி. ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றேன். என்னை யாரும் அனுப்பவில்லை, நானே போகிறேன்.

என்னால் அடிக்க முடியவில்லை. அடித்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இருந்தது. படித்தவள் எழுதுகிற காரணமா இது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஒற்றைக் கைக்கு அந்த வரி நீளம் என்றும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு அடித்தேன்:

"என் கண்ணே, இந்தப் பாவி அம்மாவை மன்னித்துவிடு."

மிச்ச நொடிகளுக்கு அடைப்புக்குறிக்குள் 'விசும்பல்' என்று போட்டேன். நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன். காய்ச்சல் மறுநாள் இறங்கியது. அதை எதற்கும் சாட்சியாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்கு அது சாட்சியாகத்தான் பட்டது.

படம் வந்தது. சென்னையில் குரல் கொடுத்த பெண் அந்த விசும்பலை உயிரைக் கொடுத்து அழுதிருந்தார். படம் ஓடவில்லை, அந்த அழுகை ஓடியது. துண்டாக வெட்டி எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். என் மாமியாரே போனை நீட்டி, "இதப் பாரு, பெத்தவ மனசு எப்புடித் துடிக்குது" என்று காட்டினார். அக்காவின் கைக்கும் அப்படித்தான் அது போய்ச் சேர்ந்தது.

நான் போனபோது போனை மேஜைமேல் வைத்து, அந்தப் பன்னிரண்டு நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. ஏதோ கணக்குத் தவறிய மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீசுல கூட இவ அழலயே," என்றார். "படம் எடுத்தவன் எல்லாத்தையும் புடுங்குனான், ஆனா அழ வைக்கலயே. யாரு மாத்துனது?"

நான் குழந்தையைத் தொட்டிலில் போட்டேன்.

"நீ அனுப்புனது சரியான பைலுதானே?"

"ஆமாக்கா."

அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்ல அரை நொடிகூட ஆகவில்லை.

அவர் சென்னைக்குப் போன் போட்டார். ஒருங்கிணைப்பாளர், வந்ததைத்தான் பதிவு செய்தோம் என்றார். அக்கா அவரைப் பொய்யன் என்றார். கத்தக் கூடாத தொண்டையால் கத்தினார். "இருவது வருசமா என்னைய அழ வச்சீங்க, இப்ப என் கையாலயும் அழ வைக்கிறீங்களா?" என்றார். பக்கத்து அறையில் நின்று கேட்டேன். இப்போது போய்ச் சொல்லிவிடலாம், இப்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஈரத்துணிகளை மடித்தேன். ஈரத்துணியை யாரும் மடிக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்குப் படம் வரவில்லை. இரண்டு மாதம் பார்த்தார். வாடகை வீட்டைக் காலிசெய்து கூக்காலுக்கே போய், அண்ணன் நிலத்தில் ஒரு பாத்தி வாங்கிப் பூண்டு போடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் போன மறுவாரம் சென்னை ஒருங்கிணைப்பாளரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்களுக்கு ஃபார்மட் எல்லாம் தெரியுமே மேடம், நீங்களே எழுதுங்களேன்" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். சொன்னேன். நான்கு வருடமாக நான்தான் எழுதுகிறேன். முதுகு தெரிகிற இடங்களில் எதுவும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். நம்பகமான ஆள் என்று பெயர்.

போன மாதம் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கூக்கால் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. தலையில் ஸ்கார்ப், காலடியில் விதைப்பூண்டு மூட்டை. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளைக் குனிந்து பார்த்தார்.

"ஏலே, நீதானா அது? ஒன்னய ஆட்டி ஆட்டியே என் வெரல் ஒரு பக்கமா வளஞ்சு கெடக்கு, தெரியுமா?"

மகள் சிரித்தாள். அக்கா பக்கத்தில் நின்ற ஊர்க்காரப் பெண்ணிடம் என்னைக் காட்டினார். "நான் சொல்வேன்ல, எங்கூட வேல பாத்த புள்ளைன்னு. இதுதான். சென்னையில அத்தன பேரு கைவச்சாங்க. இவ ஒருத்திதான் நான் எழுதுனதுல ஒரு எழுத்துகூட மாத்தாதவ."

பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சரி என்று சிரித்துவிட்டு வந்திருக்கலாம். மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நான்தான்க்கா மாத்துனேன். ராணி பேச்ச."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மூட்டையைப் பிடித்திருந்த கை கயிற்றை விட்டது.

"எதுக்கு?"

காய்ச்சல், டாக்டர் வீடு, ஒற்றைக் கை எல்லாம் நாலு வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அவ பிள்ளைய விட்டுட்டு அழாமப் போறத எழுத எனக்குப் பயமா இருந்துச்சுக்கா."

"அவளுக்கும் பயந்தான்," என்றார் அக்கா. "இடுப்புல வாள் கட்டக் கையி வரல அவளுக்கு. மூணு தடவ நழுவும். பிள்ள தன் மொகத்தப் பாத்துரக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் திரும்பி நிப்பா. நீ அந்த அத்தியாயத்தப் படிக்கலியா?"

நான் படிக்கவில்லை. இரண்டு வாரம் அந்தப் புத்தகம் என் பையில், துணி டயப்பர்களுக்கு நடுவே போய்வந்தது. ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. படிக்காமலேயே அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர், "ஏறுங்கத்தா வெரசா" என்று மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டார். அக்கா படியில் ஏறிவிட்டுத் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன்.

"அந்த மனுசனப் பொய்யன்னு சொன்னேன்ல," என்றார். "அவர் பொய் சொல்லல. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ போன் போட்டுச் சொல்லிரு."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் போய்விட்டது.

"அந்த ஆன்ட்டி கோவமாம்மா?" என்றாள் மகள்.

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

புத்தகம் வீட்டில்தான் இருந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்தேன். வாள் மூன்று முறை நழுவுகிறது. நான்காவது முறை அவள் நெசவுக்காரியைக் கூப்பிட்டு, 'நீ கட்டு, என் கை கேட்கவில்லை' என்கிறாள். பிறகு போகிறாள். படித்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியும் அவளைப் போல என்னால் போக முடியாது என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் யாரென்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதும் தெரிந்தது.

போன் போட ஒன்பது நாள் ஆயிற்று. வேலை போய்விடுமோ, கணவரிடம் என்ன சொல்வது, இத்தனை வருடம் கழித்துச் சொல்லி யாருக்கு என்ன பயன் என்று தினம் ஒரு நியாயம் கிடைத்தது. பத்தாம் நாள் காலை, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே போட்டேன்.

"சொல்லுங்க மேடம். எபிசோடு ரெடியா?"

"இல்ல சார். ஒரு விஷயம் சொல்லணும். அந்த ராணிப் படம் ஞாபகம் இருக்கா? அக்கா எழுதுனது."

"எந்த ராணி மேடம்? நாம பாக்காத ராணியா?"

"கைப்பிள்ளைய விட்டுட்டுப் போருக்குப் போவாளே சார். வாசல்ல திரும்பி நிப்பா."

"ஓ, அந்த அழுவாச்சி அம்மாவா!" என்று சிரித்தார். "சூப்பர் சீன் மேடம் அது. என்னா அழுகை!"

மகள் பின்னலின் நுனியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அவ அழல சார்," என்றேன். "நான்தான் அழ வச்சேன்."